'தொடங்கும்போது' என்ற ஒரு சொல்: தங்கை வீட்டுக்குக் காண்ட்ராக்டர் பிடித்த கதை

என் தங்கையும் மாப்பிள்ளையும் வீடு கட்டக் கிளம்பியபோது மனை இருந்தது, வரைபடம் இருந்தது, கடனும் ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. கட்டித்தர ஆள்தான் முடிவாகவில்லை. ஆள் பஞ்சம் என்று சொல்ல முடியாது. தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதும் ஒன்பது பேருடைய எண்கள் வந்து சேர்ந்தன. அதில் நான்கு பேர் மனையைப் பார்க்கவே வரவில்லை, இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பப் பேசவில்லை. மிச்சம் மூன்று பேர்.

நான் கட்டுமான இன்ஜினியர். ஆனால் இருபத்தாறு வருடமும் கிடங்கு, அலுவலகம் என்றே போய்விட்டது, வீட்டு வேலையில் அனுபவம் குறைவு. வேறு ஊரில் இருக்கிறேன், தினமும் போய் நிற்க முடியாது. அவர்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், காலை ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டினால் மாலை ஆறரைக்குத்தான் திறப்பார்கள். இந்த நேரக் கணக்குதான் கடைசியில் பல முடிவுகளை எடுத்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டப்போவது 1,800 சதுர அடி, தரைத்தளமும் மாடியும். மூவரையும் முதலாமவர், இரண்டாமவர், மேஸ்திரி என்றே அழைக்கிறேன். முதலாமவருக்கு அலுவலகம், கணினியில் சுற்றிக் காட்டும் வீடு, அழகான கையேடு எல்லாம் உண்டு. இரண்டாமவர் ஒரே சமயத்தில் மூன்று வீடுகளுக்கு மேல் எடுப்பதில்லை, அலுவலகம் என்பது அவருடைய மோட்டார் சைக்கிள் பைதான். மேஸ்திரி கூலி காண்ட்ராக்ட் மட்டும் எடுப்பவர். பொருள் நாம் வாங்கித் தர வேண்டும்.

"அண்ணா, முதலாமவர் சதுர அடிக்கு எவ்வளவு குறைவாச் சொல்றார் பாரு!" என்று தங்கை தாளை நீட்டினாள். உண்மைதான். இரண்டாமவரின் சதுர அடி விலையை 100 என்று வைத்துக்கொண்டால் முதலாமவருடையது 84. பதினாறு விழுக்காடு குறைவு என்பது சாதாரண விஷயம் இல்லை. மாப்பிள்ளை அதற்குள் மீதமாகும் பணத்தில் என்னென்ன செய்யலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.

84 எப்படி 108 ஆனது

சதுர அடி விலையில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று விலை, இன்னொன்று சதுர அடி. எல்லோரும் முதல் எண்ணையே பார்க்கிறார்கள். முதலாமவரின் தாளைத் திருப்பினால் கடைசிப் பக்கத்தில் மொத்தப் பரப்பு 2,060 சதுர அடி என்று இருந்தது. வரைபடத்தில் 1,800. நடுவில் 260 சதுர அடி எங்கிருந்து முளைத்தது? திறந்த போர்டிகோவை முழுப் பரப்பாகச் சேர்த்ததில் 120, மாடிப்படி மேலே முடியும் அறையும் பரணும் சேர்ந்து 80, ஜன்னல்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு 60. போர்டிகோவுக்குப் பாதிப் பரப்பு கேட்பது சில இடங்களில் பழக்கம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். சன்ஷேடுக்கு வீட்டு விலை கேட்பது கொஞ்சம் அதிகம். 84-ஐ 2,060-ஆல் பெருக்கி 1,800-ஆல் வகுத்தால் 96 வருகிறது. பதினாறு விழுக்காடு லாபம் அங்கேயே நான்காகச் சுருங்கிவிட்டது.

அடுத்தது, எதெல்லாம் கணக்கில் இல்லை என்பது. சுற்றுச்சுவர் இல்லை (இரண்டாமவரின் விலையை 100 என்று வைத்த அதே கணக்கில் 4 புள்ளி). நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் இல்லை (3). அஸ்திவாரம் நான்கடி ஆழம் வரைதான், அதற்குக் கீழே தோண்டினால் தனிக் கணக்கு. மண் பரிசோதனை அறிக்கை ஐந்தரை அடிக்குப் போகச் சொல்லியிருந்தது (2). இந்த அறிக்கையை நாங்கள் விலை கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. அது இல்லாமல் சொல்லப்படும் அஸ்திவார விலை எல்லாமே ஊகம்தான், ஊகம் தப்பினால் அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில் விழும். அப்புறம் டைல்ஸ், குழாய், கழிவறைச் சாமான்களுக்கு அவர் போட்டிருந்த அடிப்படை விலை. அந்த விலைக்குக் கடையில் என்ன கிடைக்கும் என்று தங்கையே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கிடைத்ததைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். அதற்கு 3.

ஆக 108. இரண்டாமவர் சுற்றுச்சுவரைத் தவிர எல்லாவற்றையும் சேர்த்திருந்தார், அதைக் கூட்டினால் 104. மேஸ்திரியின் கூலியோடு நாங்களே போட்ட பொருள் கணக்கைச் சேர்த்தால், சுவர் உட்பட 94.

முதலாமவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. எல்லாமே தாளில் எழுதித்தான் இருந்தது. 'முதல் தரக் கம்பி', 'நல்ல நிறுவனத்தின் சிமென்ட் அல்லது அதற்கு இணையானது' என்பதும் அப்படித்தான். 'அல்லது அதற்கு இணையானது' என்ற மூன்று சொற்களுக்குள் எந்தச் சரக்கையும் இறக்கலாம். இணையானதுதான் என்று யார் சொல்ல வேண்டும் என்று மட்டும் எங்கும் எழுதியிருக்காது.

பணம் எப்போது கைமாறும்

விலையைவிட எனக்கு உறுத்தியது பணம் கொடுக்கும் அட்டவணை. முதலாமவருடையது இப்படி: கையெழுத்துப் போடும்போது 20 விழுக்காடு, பேஸ்மென்ட் (தரைத்தள மட்டம் வரை எழுப்பும் அடித்தளம்) தொடங்கும்போது 20, மேல்தளக் கான்கிரீட் தொடங்கும்போது 25, பூச்சு வேலை தொடங்கும்போது 20, டைல்ஸ் தொடங்கும்போது 10, சாவி கொடுக்கும்போது 5.

நடுவில் உள்ள நான்கு வரியிலும் 'தொடங்கும்போது'. பூச்சு தொடங்கும் நாளில் நம் கையிலிருந்து 85 போயிருக்கும். அன்று மனையில் நிற்பது என்ன? கான்கிரீட் சட்டமும் செங்கல் சுவரும். எங்கள் மதிப்பீட்டில் இந்த வீட்டுக்கு அது ஏறக்குறைய 50-தான். பூச்சு, தரை, கதவு ஜன்னல், மின் வேலை, குழாய் வேலை, வர்ணம் எல்லாம் இனிமேல்தான். மிச்சம் 35 நம் பணம், அவர் கையில். அந்த நாளிலிருந்து நாம் வீட்டுக்காரர் இல்லை, அவருக்குக் கடன் கொடுத்தவர். போன் எடுக்காவிட்டாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

"இதுல என்ன மச்சான், எப்படியும் கொடுக்க வேண்டிய பணம்தானே?" என்றார் மாப்பிள்ளை. நான் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினேன், ஒன்று கொடுத்த பணம், மற்றது முடிந்த வேலை. பணக்கோடு கடைசி வரை மேலேயே போனது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்போ நடுவில அவர் நின்னுட்டா?" என்றார். அதற்குப் பதில் அந்தத் தாளிலேயே இருந்தது.

முதலாமவரிடம் போய், 'தொடங்கும்போது' என்பதையெல்லாம் 'முடிந்ததும்' என்று மாற்றித் தருவீர்களா என்று கேட்டோம். விலையில் கொஞ்சம் குறைக்கிறேன் என்றார், கைக்கழுவும் தொட்டி இலவசம் என்றார். அந்தச் சொல்லை மட்டும் மாற்ற முடியாது, அது நிறுவனத்தின் நடைமுறை என்றார்.

இரண்டாமவர் 15 விழுக்காடு முன்பணம் கேட்டார். நாங்கள் 5 என்றோம். அவர் பேரம் பேசவில்லை, கணக்குச் சொன்னார். முதல் பில் வருவதற்குள் தோண்ட வேண்டும், கம்பி இறக்க வேண்டும், வாரக்கூலி கொடுக்க வேண்டும், அதற்கு இவ்வளவு ஆகும் என்று. அது நியாயமாகவே இருந்தது. கையில் காசே இல்லாமல் ஒரு காண்ட்ராக்டரை இறுக்கினால் அவர் மட்டமான சரக்கைக் கடனுக்கு எடுப்பார், நல்ல ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த அளவுக்கு இறுக்குவது கெட்டிக்காரத்தனம் இல்லை. 8 விழுக்காட்டில் முடிந்தது, அதையும் வரும் பில்களில் கழித்துக்கொள்வது என்று. மீதியைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தோம், ஒவ்வொன்றும் வேலை முடிந்து பார்த்த பிறகு. ஒவ்வொரு பில்லிலும் 5 விழுக்காட்டை நிறுத்தி வைத்து, குடிபோய்ப் பன்னிரண்டு மாதம் கழித்துக் கொடுப்பது. ஒரு மழைக்காலமாவது வீட்டின் மேல் பெய்யட்டும் என்பதற்காக.

சொல்லாமல் போய்ப் பார்த்தது

இதெல்லாம் தாள். வேலை எப்படி இருக்கும் என்று தாள் சொல்லாது. கட்டி முடித்த வீட்டைப் போய்ப் பார்த்தாலும் அவ்வளவாகத் தெரியாது. பூச்சும் வர்ணமும் எல்லாவற்றையும் மூடியிருக்கும். பாதியில் நிற்கும் கட்டடத்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் சொல்லாமல் போய்.

முதலாமவரின் ஒரு கட்டடத்தில் தளக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் நின்ற அரைமணி நேரத்தில் ஒருவர் கலவையில் இரண்டு முறை வாளியோடு தண்ணீர் ஊற்றினார். கலவை இறுகலாக இருந்தால் தள்ளுவது கஷ்டம், தண்ணீர் விட்டால் தானாக ஓடும். ஆட்களுக்குச் சுலபம், ஆனால் கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகி நுண்துளைகளை விட்டுப் போகும், அங்கேதான் பலம் குறைகிறது. கம்பி வலை சில இடங்களில், கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் பலகை மேலேயே படுத்திருந்தது. அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி வைக்கும் சிறு கட்டை) இல்லை, இரண்டு மூன்று இடத்தில் உடைந்த ஜல்லியைச் செருகியிருந்தார்கள். கம்பிக்கு அடியில் கான்கிரீட் இல்லாவிட்டால் சில வருடங்களில் ஈரம் கம்பியைத் தொடும். துரு பிடித்த கம்பி பருத்து, தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து விழும். கணினியில் சுற்றிக் காட்டிய வீட்டில் இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை.

இரண்டாமவரின் கட்டடத்தில் முந்தைய வாரம் தளம் போட்டிருந்தார்கள். போட்ட கான்கிரீட் காயாமல் பலம் பெற, மேலே சிறுசிறு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தது. கீழே சிமென்ட் மூட்டைகள் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கியிருந்தன. வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். "தண்ணி விடலைன்னா சாயந்திரம் வந்து கத்துவார் சார்" என்றார். நற்சான்றிதழ் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன்.

அங்கேயும் ஒரு குறை கண்ணில் பட்டது. பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனை 90 பாகையில் மடித்திருந்தது. நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுத்தால் 135 பாகைக்கு உள்ளே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் கண்டதும் ரிங் திறந்துகொள்ளும். அன்று மாலை அவரிடம் கேட்டேன். மழுப்பவில்லை. "அந்த வீட்டு வரைபடத்துல அப்படிப் போடலை சார். உங்க இன்ஜினியர் போட்டுக் கொடுத்தா மடிச்சுடறேன். கம்பி கட்டறவங்க கூலி கொஞ்சம் கூடும், அதை இப்பவே சொல்லிடறேன்." எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

அடுத்து அவர் கட்டிய பழைய வீடுகளின் பட்டியலைக் கேட்டோம். ஏழு வீடுகள் எழுதிக் கொடுத்தார். "இதுல யாரோடாவது உங்களுக்குச் சண்டை வந்திருக்கா? அந்த வீட்டைக் காட்டுங்க" என்றாள் தங்கை. இந்தக் கேள்வி எனக்கே தோன்றவில்லை. கொஞ்சம் யோசித்தவர், சிரித்துக்கொண்டே எட்டாவதாக ஒரு வீட்டை எழுதினார்.

அந்த வீட்டுக்காரர் எங்களை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினார். வேலை நான்கு மாதம் தள்ளிப் போனது. கடைசிக் கணக்கில் கூடுதல் வேலை என்று ஒரு பெரிய தொகை வந்தது, எதுவும் எழுத்தில் இல்லை, அவர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. "ஆனா வேலையில குறை சொல்ல மாட்டேன். கூப்பிட்டா வருவார். பத்து நாள் கழிச்சு வருவார்." இரண்டாமவரிடம் எங்கே இடறுவோம் என்பது இப்போது தெரிந்துவிட்டது. நேரம், கணக்கு. முதலாமவர் எங்கே இடறுவார் என்று கடைசி வரை தெரியவில்லை. அவர் அனுப்பிய மூன்று வீட்டுக்காரர்களும் அவரைப் புகழ்ந்தார்கள், அவ்வளவுதான்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. மூவரில் வேலை சுத்தம் அவருக்குத்தான். அவர் கட்டிய சுவரில் தூக்குக்குண்டு நூலைப் பிடித்துப் பார்த்தேன், அடியிலிருந்து மேல் வரை நூல் அசையவில்லை. விலையும் அவரிடம்தான் குறைவு. ஆனால் கூலி காண்ட்ராக்டில் லாரி வரும் நேரத்தில் நிற்க, மூட்டை எண்ண, தீர்ந்துபோன கட்டுக்கம்பிக்காக ஓட ஒருவர் வேண்டும். விரிசல் வந்தால் அவர் பொருளைச் சொல்வார், நாம் வேலையைச் சொல்வோம். ஒன்பது முதல் ஆறரை வரை பூட்டியிருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது. தங்கையோ மாப்பிள்ளையோ வீட்டில் இருந்திருந்தால் நான் மேஸ்திரியைத்தான் சொல்லியிருப்பேன். கடைசியில் இரண்டாமவரிடம் வீடு, மேஸ்திரியிடம் சுற்றுச்சுவர் என்று பிரித்தோம். அந்தச் சுவர் இன்றைக்கும் அந்தத் தெருவிலேயே நேரான சுவர்.

முடிந்தது என்று யார் சொல்வது

'முடிந்ததும்' என்று எழுதிவிட்டால் போதாது, முடிந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். காண்ட்ராக்டரும் வீட்டுக்காரரும் சொன்னால் இரண்டு விதமாக இருக்கும். அதனால் கட்டமைப்பு வரைபடம் போட்ட இன்ஜினியரிடமே ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முன்னால் வந்து பார்க்கச் சொல்லி, வருகைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டோம். 'முன்னால்' என்பது முக்கியம். போட்ட பிறகு வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. தளக் கான்கிரீட் போட்ட அன்று 150 மில்லிமீட்டர் கனசதுர அச்சில் ஆறு மாதிரிகள் எடுத்தார்கள். மூன்றை ஏழாம் நாள் உடைத்துப் பார்த்தோம், மூன்றை 28-ஆம் நாள். 28 நாளில் வர வேண்டிய பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏழு நாளில் வந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை, வந்திருந்தது.

இன்னொன்று, ஒரு நோட்டு. 200 பக்கம், கெட்டி அட்டை. வரைபடத்தில் இல்லாத எதைச் செய்தாலும் தேதி, என்ன மாற்றம், எவ்வளவு தொகை, எத்தனை நாள் தள்ளும், இருவர் கையெழுத்து. கையெழுத்து இல்லாத மாற்றத்துக்குப் பணம் இல்லை. எட்டாவது வீட்டுக்காரருக்குத்தான் இதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

வேலை நடுவில் ஒரு சோதனை வந்தது. முதல் மாடி பீம் ஒன்றில், பில்லரோடு சேரும் இடத்தில், ஒரு கை அகலத்துக்குப் புதுக் கலவை பூசியிருந்ததைத் தங்கை மாலையில் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டாமவரைக் கேட்டால், "அது சும்மா மேல்பூச்சு, ஒண்ணும் இல்லை" என்றார். சுத்தியலால் தட்டச் சொன்னேன். சுற்றிலும் கணீரென்று கேட்டது, அந்த இடத்தில் மட்டும் பொக்கைச் சத்தம். உடைத்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரி ஜல்லி மட்டும், நடுவில் கலவை இறங்கவில்லை. கம்பி நெருக்கமான மூலை, கலவையை அதிர்த்து இறக்கும் வைப்ரேட்டர் ஊசி உள்ளே போகவில்லை. நல்லவேளை ஆழம் ஓர் அங்குலம்தான், கம்பி வெளியே தெரியவில்லை. இன்ஜினியர் வந்து, தளர்ந்ததையெல்லாம் கொத்தி எடுத்து, சுருங்காத கலவை கொண்டு அடைக்கும் முறையை எழுதிக் கொடுத்தார்.

செலவு யாருடையது என்ற பேச்சே எழவில்லை, அந்தக் கட்டத்தின் பணம் இன்னும் எங்களிடம்தான் இருந்தது. இரண்டாமவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வேலையைச் செய்தார், நான்காம் நாள் பில் வந்தது.

பத்து மாதத்தில் முடியும் என்றது பதின்மூன்று மாதம் ஆயிற்று. லிண்டல் (ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) போட்ட பிறகு ஜன்னலை இடம் மாற்றியது எங்கள் குற்றம், கிட்டத்தட்ட ஒரு மாதம். மழை ஒரு மாதம். கம்பி கட்டுகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போனது இரண்டாமவர் கணக்கு. கூடுதல் செலவு ஒப்பந்தத் தொகையில் 6.3 விழுக்காடு, நோட்டைப் பார்த்தால் அதில் 4.8 எங்கள் ஆசைகள்.

குடிபோன முதல் மழையில் மாடிக் குளியலறைக்குக் கீழே கூரையில் ஈரம் கண்டது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்த தளம்தான் அது, கசிந்தது குழாய் சேரும் இடத்தில். இரண்டாமவர் பத்து நாளில் வரவில்லை, மூன்று வாரம் கழித்து வந்து சரிசெய்தார். நிறுத்தி வைத்த 5 விழுக்காட்டைக் கொடுக்கும் தேதிக்கு அப்போது எட்டு நாள் பாக்கி இருந்தது.

"அது இல்லேன்னா வந்திருப்பாராண்ணா?" என்றாள் தங்கை.

"எட்டாவது வீட்டுக்கு வந்தார்ல" என்றேன். அவள் சமாதானமானதாகத் தெரியவில்லை.

பணத்தைக் கொடுத்தாயிற்று. நோட்டின் 61-ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் கையெழுத்தில்லாமல் இருக்கிறது, சமையலறை மேடையை இரண்டங்குலம் உயர்த்தியது. மாப்பிள்ளை சொன்னதாக இரண்டாமவர் சொல்கிறார், தான் சொல்லவே இல்லை என்று மாப்பிள்ளை சொல்கிறார். மேடை தங்கையின் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது.